பழைய ஏ.சி. கம்ப்ரஸரை ஏர் கம்ப்ரஸராக மாற்றுவது: தொட்டியில் தொடங்கி ஒயரில் முடியுங்கள்

வண்டியின் ஏ.சி. கம்ப்ரஸரிலேயே டயருக்குக் காற்றடிக்கலாம் என்று கேள்விப்பட்டவுடன் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு சேர்த்துப் பிடிக்கும் காந்தக் கிளட்சுக்கு ஒரு ஒயர் இழுத்து 'டக்' சத்தத்தைக் கேட்பார்கள். கம்ப்ரஸரின் வெளியேறும் துளையில் விரலை வைத்தால் காற்று தள்ளும். பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். அடுத்து கையில் கிடைத்த ஹோஸ், கையில் கிடைத்த சிலிண்டர் என்று மாட்ட ஆரம்பிப்பார்கள். கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

இந்தக் கம்ப்ரஸருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தானாகத் தெரியாது. சென்னை வெயிலில் சாதாரணமாக ஏ.சி. ஓடும்போதே ஹை சைடில், அதாவது கம்ப்ரஸர் அழுத்தித் தள்ளும் பக்கத்தில், 200 பி.எஸ்.ஐ.க்கு மேல் நிற்கும். வழி அடைத்தால் இன்னும் ஏற்றும். ஆகவே காற்று போகிற திசைக்கு எதிராக வேலையைப் பாருங்கள். முதலில் தொட்டி, அதன் பாதுகாப்பு வால்வுகள், பிறகு குழாய், பிறகு கம்ப்ரஸர், ஒயர் கடைசியில். முதல் மூன்று படிகள் தயாரிப்பு வேலை; 4-ஆம் படியிலிருந்து எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. உங்கள் கம்ப்ரஸர் இதற்கு ஒத்துவருமா?

ஏ.சி. வேலை செய்யாமல் கிடக்கிற பழைய ஜீப், வேன், டெம்போ டிராவலர் மாதிரி வண்டிகளுக்குத்தான் இந்த வழி. நல்ல ஏ.சி.யைக் கழற்றிவிட்டு இதைச் செய்தால் மே மாதம் மூலக்கடை சிக்னலில் நிற்கும்போது வீட்டில் இருப்பவர்கள் உங்களைத் திட்டுவார்கள். ஏ.சி.யும் வேண்டும் என்றால் இரண்டாவது கம்ப்ரஸரைத் தனி பிராக்கெட்டில் ஏற்ற வேண்டும்.

பிஸ்டன் உள்ள, நிலையான கொள்ளளவு கொண்ட, காந்தக் கிளட்ச் உள்ள கம்ப்ரஸர்தான் வேண்டும். பழைய யார்க் இரட்டை சிலிண்டர் வகை கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்கு எஞ்சின் மாதிரி அடியில் தனி எண்ணெய்க் கிண்ணம் உண்டு. அடுத்தது சாண்டன் எஸ்.டி. 508 போன்ற ஐந்து சிலிண்டர் வகை. ஒரு சுற்றுக்கு 138 சி.சி. காற்று இழுக்கும், உடம்பிலேயே எண்ணெய் ஊற்றும் போல்ட் இருக்கும். ஏழு பிஸ்டன், பத்து பிஸ்டன் வகைகள் கேஸோடு சேர்ந்து சுற்றி வரும் எண்ணெயை நம்பியவை. அவற்றிலும் செய்யலாம், ஆனால் எண்ணெய் விஷயத்தில் சோம்பேறித்தனம் செய்தால் சீக்கிரம் ஜாம் ஆகும்.

புதிய கார்களில் வரும் மாறும் கொள்ளளவு வகையை விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து சிக்னல் வராவிட்டால் அது ஸ்ட்ரோக்கைக் குறைத்துக்கொண்டு சும்மா சுற்றும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டியின் கம்ப்ரஸர் பக்கம் போகவே வேண்டாம்; அதில் ஓடுவது உயிரை எடுக்கும் வோல்டேஜ்.

கையால் கிளட்ச் முகத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஒரு தள்ளல் கையில் தெரிய வேண்டும். கரகரப்பு, எங்காவது பிடித்து விடுவது, ஒரு தள்ளல் மட்டும் செத்திருப்பது, இதில் எது இருந்தாலும் அந்தக் கம்ப்ரஸர் வேண்டாம்.

2. வாங்கும் வரிசை

பலரும் முதலில் ஒரு பை நிறைய ஃபிட்டிங் வாங்கி வந்துவிட்டு, பிறகு கம்ப்ரஸரைத் தேடுகிறார்கள். ஏ.சி. கம்ப்ரஸரின் வாய்கள் ஓ-ரிங் வைத்து உட்காரும் வகை. காற்று ஃபிட்டிங்குகள் பி.எஸ்.பி. என்ற குழாய் மரை. இரண்டும் சேராது. த்ரெட் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினால் அலுமினிய மரை உரிந்துவிடும்.

முதலில் கம்ப்ரஸரும் அதன் பிராக்கெட்டும் கையில் இருக்கட்டும். வண்டியில் இருப்பதே போதும். இல்லையென்றால் புதுப்பேட்டையில் தேடலாம். வெட்டி எடுத்த பழைய ஏ.சி. ஹோஸின் இரண்டு முனைகளையும் அதோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அந்த முனைகளை லேத் பட்டறையில் கொடுத்தால் ஒரு பக்கம் ஓ-ரிங், மறுபக்கம் அரை இஞ்ச் பி.எஸ்.பி. என்று அடாப்டர் செய்து தருவார்கள். அடாப்டர் கைக்கு வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டே ஜார்ஜ் டவுனுக்குப் போங்கள். செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெரு பக்கம் வால்வ், கேஜ், ஹோஸ் எல்லாம் கிடைக்கும். கடையிலேயே மரையைப் பொருத்திப் பார்த்து வாங்கலாம்.

வேண்டியவை: காற்றுத் தொட்டி, சேஃப்டி வால்வ் இரண்டு, பிரஷர் ஸ்விட்ச், கேஜ், நான்-ரிட்டர்ன் வால்வ் (காற்றை ஒரே திசையில் மட்டும் விடுவது), வெப்பம் தாங்கும் ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ், செம்புக் குழாய், தண்ணீர்-எண்ணெய் பிரிப்பான், ஏர் ஃபில்டர், ஆயிலர், ரெகுலேட்டர், குயிக் கப்ளர், டிரெயின் வால்வ், ரிலே, ஃபியூஸ், டயோடு, ஸ்விட்ச்.

3. கேஸை இறக்குவது

சிஸ்டத்தில் கொஞ்சமாவது கேஸ் இருக்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. கடைக்குப் போய், கேஸை மெஷினில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். "நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணு தம்பி, தானா போயிடும்" என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். செய்யாதீர்கள். வண்டி ஏ.சி.யில் இருக்கும் ஆர் 134ஏ கேஸ் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். திரவமாகப் பீறிட்டால் கையும் கண்ணும் பனிக்கட்டியில் சுட்ட மாதிரி வெந்துபோகும். பக்கத்தில் கேஸ் வெல்டிங் நடந்தால் அந்த நெருப்பில் அது விஷவாயுவாக உடையும். அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் எரியக்கூடிய கலவையாகவும் மாறலாம். அதனால் கேஸ் முழுக்க வெளியேறாமல் அந்தப் பாதையில் காற்றை ஏற்றக் கூடாது.

கேஸ் போன பிறகு கம்ப்ரஸரிலுள்ள பழைய எண்ணெயைக் கவிழ்த்து வடியுங்கள். அது பெரும்பாலும் பேக் (PAG) எனும் செயற்கை எண்ணெய், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் உள்ளே சேறாகிவிடும்.

4. தொட்டி

இந்தப் படியில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

லாரியின் ஏர் பிரேக் தொட்டிதான் சரியான பொருள். அதிர்வுக்கும் இந்த அழுத்தத்துக்குமே செய்தது. பிரேக் சிஸ்டம் 8 பார் (116 பி.எஸ்.ஐ.) பக்கம்தான் ஓடுகிறது. 20 லிட்டர் அளவு ஒரு ஜீப்புக்குப் போதும். மாதவரம் பக்கம் ஜி.என்.டி. சாலை லாரி ஸ்பேர் கடைகளில் புதிதாகவே வாங்குங்கள். தொட்டியில் பதித்திருக்கும் தகட்டில் எத்தனை பார் என்று படிக்க முடியவில்லை என்றால் அந்தத் தொட்டி வேண்டாம்.

காயலாங்கடையில் பழைய தொட்டிதான் கிடைத்தது என்றால் ஹைட்ரோ டெஸ்ட் செய்யாமல் பொருத்தாதீர்கள். உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப் பம்பால் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 10 பார் தொட்டிக்கு 15 பார் ஏற்றிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் அழுத்தினால் சுருங்காது. தொட்டி கிழிந்தாலும் பொசுக்கென்று ஒழுகி நின்றுவிடும். அதே சோதனையைக் காற்றில் செய்தால் தகடு பறக்கும்.

தொட்டியாக மாட்டக் கூடாதவை: ஏ.சி. கடையில் தூக்கி எறியும் 13.6 கிலோ கேஸ் கேன், பழைய தீயணைப்பு சிலிண்டர், பி.வி.சி. குழாய். முதலாவதைத்தான் அதிகம் பார்க்கிறேன், சும்மா கிடைப்பதால். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டும் என்று மெல்லிய தகட்டில் செய்தது அது. ஈரக் காற்று உள்ளே போனால் எப்போது எங்கே துரு அரிக்கிறது என்று வெளியே தெரியாது. பி.வி.சி. வெடித்தால் கண்ணாடித் துண்டு மாதிரி சிதறும்.

தொட்டியின் மீது வெல்டிங் வைக்காதீர்கள். பட்டையும் ரப்பரும் போட்டுச் சேஸிஸில் கட்டுங்கள். சைலன்ஸரிலிருந்து தள்ளி இருக்கட்டும். டிரெயின் வாய் எல்லாவற்றுக்கும் கீழே வர வேண்டும். புளியந்தோப்பு, வியாசர்பாடி சுரங்கப்பாலம் வழியாக மழையில் போய் வருகிற வண்டி என்றால் தொட்டியை எவ்வளவு மேலே கட்ட முடியுமோ அவ்வளவு மேலே கட்டுங்கள். எண்ணூர், காசிமேடு பக்கம் நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்று பெயின்ட்டுக்கு அடியில் புகுந்துவிடும். பட்டைக்கு உள்பக்கம் மறக்காமல் ரெட் ஆக்ஸைடு அடியுங்கள்.

5. பாதுகாப்பு வால்வும் ஸ்விட்ச்சும்

மூன்று எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்தும் அழுத்தம் மூன்றிலும் குறைந்தது; சேஃப்டி வால்வ் திறக்கும் அழுத்தம் அதற்கு மேல்; தொட்டி தாங்கும் அழுத்தம் எல்லாவற்றுக்கும் மேல் அல்லது வால்வுக்குச் சமம். எனக்குப் பிடித்த அமைப்பு: 6 பாரில் ஓட ஆரம்பித்து 8 பாரில் நிற்க வேண்டும், சேஃப்டி வால்வ் 10 பாரில் திறக்க வேண்டும், தொட்டி 10 பார் அல்லது அதற்கு மேல். 8 பார் என்றால் 116 பி.எஸ்.ஐ., 10 பார் 145 பி.எஸ்.ஐ.

சேஃப்டி வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் எந்த மூடும் வால்வும் கூடாது. "லீக் ஆனா மூடிக்கலாமே" என்று பால் வால்வ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மூடிய நொடியில் சேஃப்டி வால்வ் வெறும் அலங்காரம்.

வால்வின் வாய் அளவும் முக்கியம். 138 சி.சி. கம்ப்ரஸர், எஞ்சின் 3,000 சுற்றில் ஓடி, புல்லி விகிதம் 1.3 (எஞ்சின் ஒரு சுற்றுக்குக் கம்ப்ரஸர் 1.3 சுற்று) என்றால், ஒரு நிமிடத்துக்கு 538 லிட்டர் காற்றைத் தள்ளப் பார்க்கும். உண்மையில் அவ்வளவு வராது. ஆனாலும் வால்வ் வாங்கும்போது அந்த அளவை வெளியேற்றுமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்விட்ச், கேஜ் இரண்டும் நான்-ரிட்டர்ன் வால்வுக்குத் தொட்டிப் பக்கம்தான் வர வேண்டும். கம்ப்ரஸர் பக்கம் வைத்தால், கம்ப்ரஸர் நின்றதும் அந்தச் சின்னத் துண்டுக் குழாயில் அழுத்தம் இறங்கும். ஸ்விட்ச் மறுபடி ஓடச் சொல்லும். டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்து கிளட்ச் கருகும்.

6. சூடான பாதை

காற்றை அழுத்தினால் சூடாகும். கம்ப்ரஸர் வாயில் வரும் காற்று 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். நீல நிற நைலான் டியூப்பை நேராக அதில் சொருகினால் இளகி வெடிக்கும். கம்ப்ரஸரிலிருந்து வண்டி உடம்பு வரை டெஃப்லான் ஹோஸ் போடுங்கள். எஞ்சின் ஆடுவதால் அந்தத் துண்டு வளையக்கூடியதாக இருந்தே ஆக வேண்டும். அதன் பிறகு ஒன்றரை, இரண்டு மீட்டர் செம்புக் குழாயைச் சுருட்டிக் காற்று படும் இடத்தில் கட்டினால் அதுவே கூலர்.

ஏ.சி. கேஸைக் குளிர்விக்கும் பழைய கண்டென்ஸரையே கூலராக வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம்தான். ஆனால் உள்ளே பேக் எண்ணெய் ஒட்டியிருக்கும், தேங்கும் தண்ணீரை இறக்க வழி இருக்காது. நான் வைக்க மாட்டேன்.

வரிசை இது: கம்ப்ரஸர், டெஃப்லான் ஹோஸ், இரண்டாவது சேஃப்டி வால்வ், செம்புச் சுருள், பிரிப்பான், நான்-ரிட்டர்ன் வால்வ், தொட்டி. இரண்டாவது சேஃப்டி வால்வ் எதற்கு? நான்-ரிட்டர்ன் வால்வ் அடைத்துக்கொண்டால் தொட்டியில் இருக்கிற வால்வுக்கு விஷயமே தெரியாது. கம்ப்ரஸர் ஒரு முட்டுச் சந்துக்குள் அழுத்திக்கொண்டிருக்கும். பிரிப்பானின் கிண்ணம் உலோகமாக இருக்கட்டும்; பிளாஸ்டிக் கிண்ணம் இந்தச் சூட்டையும் எண்ணெயையும் சேர்த்துத் தாங்காது.

7. உறிஞ்சும் பக்கம்: ஃபில்டரும் எண்ணெயும்

மணலி, அத்திப்பட்டு சாலையில் ஓடுகிற வண்டிக்குத் தூசியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிலக்கரிச் சாம்பல் பொடி பிஸ்டனுக்குள் போனால் உப்புத்தாள் வேலையைச் செய்யும். சின்ன பைக் ஏர் ஃபில்டர் ஒன்றை, எஞ்சின் சூடு படாத உயரத்தில் ஹோஸ் இழுத்து வையுங்கள். மழைத் தண்ணீர் எட்டக் கூடாது: தண்ணீரை உறிஞ்சிய பிஸ்டன் வால்வ் தகட்டை உடைத்துவிடும்.

எண்ணெய்தான் இந்த மாற்றத்தின் உயிர். ஏ.சி.யில் எண்ணெய் கேஸோடு போய்த் திரும்பி வரும். இங்கே போனது போனதுதான். கம்ப்ரஸரில் முதலில் 100 கிரேடு மினரல் ஏர் கம்ப்ரஸர் ஆயிலை, பழைய எண்ணெய் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு ஊற்றுங்கள். ஃபில்டருக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் காற்றுக் கருவிகளுக்குப் போடுகிற ஆயிலர் ஒன்றை வைத்து, நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு விழும்படி திருகை அமையுங்கள். சில பட்டறைகளில் கிரீஸ் நிப்பிள் போட்டு உள்ளே கிரீஸை அடைப்பார்கள். எண்ணெய்ப் புகை குறையும், உண்மை. ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை என்பதால் எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

"கொஞ்சம் ஜாஸ்தியாவே விழட்டும் அண்ணா" என்பதும் ஆபத்துதான். சூடான வாயில் எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். அந்தக் கரி தீப்பிடிக்கவும் கூடும். சமையல் எண்ணெய் ஊற்றினால் பிசினாகும்.

8. பெல்ட், கிளட்ச்

ஒரிஜினல் பிராக்கெட்டில் ஒரிஜினல் பெல்ட்டோடு இருந்தால் வேலை மிச்சம். புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நேர்ப் பட்டையை வைத்துப் பாருங்கள். ஒரே நீளப் பெல்ட் கம்ப்ரஸரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து ஓட்டுகிற வண்டியாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்: கம்ப்ரஸரின் புல்லி பேரிங் இறுகினால் அந்தப் பெல்ட்டோடு வண்டியும் நிற்கும்.

கிளட்ச் காயிலை மல்டிமீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் காயில் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். முகத்துக்கும் புல்லிக்கும் இடைவெளி சாண்டனில் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர். இடைவெளி அதிகமானால் சூட்டில் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும்.

9. இப்போது ஒயர்

கிளட்ச் 4 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை, 87-ஆம் முனையிலிருந்து கிளட்ச். சாவி போட்டால் மட்டும் வரும் சப்ளையை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவும் பிரஷர் ஸ்விட்ச் வழியாகவும் கொண்டுவந்து 86-ல் கொடுங்கள், 85 எர்த். இரண்டு ஸ்விட்ச்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்தான் எதை அணைத்தாலும் கம்ப்ரஸர் நிற்கும். கிளட்ச் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடுங்கள். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். மாற்றி வைத்தால் ஃபியூஸ் போகும்.

வண்டியின் பழைய ஏ.சி. ஒயரையே பயன்படுத்தப் பார்க்காதீர்கள். அதில் இருக்கும் கேஸ் பிரஷர் ஸ்விட்ச், கேஸ் இல்லை என்று சொல்லிக் கிளட்சை எடுக்க விடாது. அதைக் குறுக்கே இணைத்து ஏமாற்றினால், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத இன்னொரு வழி உருவாகிவிடும். பழைய கனெக்டரைக் கழற்றி டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

10. முதல் ஓட்டம்

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். எஞ்சின் ஐடிலில் 2 பார் ஏற்றி நிறுத்தி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வந்தால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கிற ஃபிட்டிங்கை இறுக்குகிற பழக்கம் வேண்டாம். பிறகு 5 பார், மறுபடி சோப்பு. பிறகு 8 பார் வரை விட்டு, ஸ்விட்ச் தானாக நிறுத்துகிறதா என்று பாருங்கள். கை டேஷ்போர்டு ஸ்விட்ச்சிலேயே இருக்கட்டும். 8.5 தாண்டினால் அணைத்துவிடுங்கள்.

நின்ற பிறகு சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். சீறிவிட்டுத் திரும்ப உட்கார வேண்டும். இரவு முழுக்க விட்டு, காலையில் கேஜ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் சோப்புக்குத் தப்பிய கசிவும் தெரிந்துவிடும்.

11. என்ன எதிர்பார்க்கலாம்

ஐடிலில் 800 சுற்று, புல்லி விகிதம் 1.3 என்றால் கணக்குப்படி நிமிடத்துக்கு 143 லிட்டர். அழுத்தம் ஏற ஏற அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கைக்கு வரும். ஜீப் டயர் ஒன்றை 20-லிருந்து 35 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவர 55 லிட்டர் பக்கம் காற்று வேண்டும். 20 லிட்டர் தொட்டி 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது 100 லிட்டர் தரும். அதாவது கம்ப்ரஸர் ஓடாமலே கிட்டத்தட்ட இரண்டு டயர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவில் ராத்திரி பஞ்சர் ஆனால் இது போதும். இம்பேக்ட் கன்னை விடாமல் ஓட்டுவதற்குப் போதாது.

ஏ.சி.யில் குளிர்ந்த கேஸ் உள்ளே வந்து கம்ப்ரஸரைக் குளிர்விக்கும். இங்கே அது கிடையாது. பத்து நிமிடம் ஓடினால் அதே அளவு ஓய்வு கொடுங்கள்.

இந்தக் காற்றை மூச்சுக்கு எடுக்கவே கூடாது. படகுக்கு அடியில் இறங்கிச் சுத்தம் செய்ய ஹோஸைக் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். எண்ணெய்ப் பனியும் எஞ்சின் புகையும் கலந்த காற்று அது. ஸ்பிரே பெயின்ட்டுக்கும் ஆகாது, எண்ணெய்ப் புள்ளி விழும். லாரிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பிரேக் தொட்டியோடு இதை இணைக்கக் கூடாது. பிரேக்குக்கும் டயர் காற்றுக்கும் ஒரே பாதை வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்களை மாற்றும் அளவுக்கு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சேஸிஸை வெட்டாமல், துளை போடாமல், கழற்றக்கூடியபடி கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

12. தண்ணீரை இறக்குங்கள்

30 டிகிரி வெயிலில் 80 சதவீத ஈரம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. 20 லிட்டர் தொட்டி 8 பார் நிரம்பும்போது உள்ளே இருப்பது 180 லிட்டர் வெளிக்காற்று. அதில் நாலரை கிராம் தண்ணீர். ஆறிய பிறகு ஆவியாக நிற்கக்கூடியது அரை கிராமுக்குச் சற்று மேல். மிச்சம் நான்கு கிராம் பக்கம், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, பிரிப்பானிலும் தொட்டியின் அடியிலும் தேங்கும். ஒவ்வொரு முறை காலியாகி நிரம்பும்போதும் இது சேரும். 

ஓட்டிய அன்றே, அழுத்தம் 1 பார் இருக்கும்போது டிரெயின் வால்வைத் திறந்துவிடுங்கள். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கிறது, அது சாதாரணம். துருச் சிவப்பாக வந்தால் தொட்டி உள்ளே அரிக்கிறது. மாற்றும் வரை கம்ப்ரஸர் ஃபியூஸைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள். எண்ணெயே வராமல் தெளிந்த தண்ணீர் மட்டும் வந்தால் ஆயிலர் காலியாகியிருக்கும், அன்றைக்கே நிரப்புங்கள்.